நேராக நிற்க அடம்பிடித்த ஹேண்டில்பார்

"அப்பா, ஹேண்டில்பார் தானாகவே நேராகிவிடுகிறது" என்றாள் மகள். குறை சொல்லும் குரல் இல்லை அது. சைக்கிள் புதிதாக ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டதைப் போலச் சொன்னாள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரின் முனையை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன். இடப்பக்கம் போனது. திரும்பி வந்து நடுவைத் தொட்டதும், குழிக்குள் கோலி விழுந்த மாதிரி நின்றுவிட்டது. அங்கிருந்து மறுபடி நகர்த்த விரலுக்குக் கூடுதல் பலம் தேவைப்பட்டது.

ஹெட்செட் தேய்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. மோட்டார் சைக்கிளில் கோன்செட் என்பார்களே, அதேதான். சட்டத்தின் முன்குழாயில் மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங்; இரண்டுக்கும் நடுவே ஃபோர்க்கின் தண்டு திரும்புகிறது. சக்கரத்துப் பேரிங்கைப் போல இது முழுச் சுற்றுச் சுற்றுவதே இல்லை. நேரான சாலையில் இப்படியும் அப்படியுமாக ஓரிரு டிகிரி அசையும், அவ்வளவுதான். அந்தச் சின்ன அசைவு தடைபட்டால் ஓட்டுபவருக்கு உடனே தெரியும். நாம் சைக்கிளை விழாமல் வைத்திருப்பதே கண்ணுக்குத் தெரியாத அந்தத் திருத்தங்களால்தான். நடுவில் பிடித்துக்கொள்ளும் ஹெட்செட் அந்தத் திருத்தங்களைத் தாமதப்படுத்துகிறது. சைக்கிள் நேராகப் போகாமல் மெல்ல நெளிந்துகொண்டே போகும். கையை விட்டு ஓட்டுபவர்கள்தான் இதை முதலில் கண்டுபிடிப்பார்கள்.

நான் பல ஆண்டுகளாக வீட்டு சைக்கிள்களின் ஹெட்செட்டை நானே கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்துப் பூட்டி வருகிறேன். இந்த வேலையில் நான் இழந்த மாலைப்பொழுதுகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவை ஸ்பானர் பிடிக்கத் தெரியாததால் போனவை அல்ல. கோளாறு எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்க்கும் முன்பே கழற்றத் தொடங்கியதால் போனவை. அதனால் பூட்டும் முறையை விட, கோளாறைத் தேடும் முறையைத்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் ஆட்டம். முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளினால் 'டக் டக்' என்று ஓர் அசைவு தெரியும். எல்லோரும் உடனே ஹெட்செட் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த அசைவு பிரேக் கட்டைகளில் இருக்கலாம், முன்சக்கரத்தின் ஹப்பில் இருக்கலாம், சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றால் அதன் உள்குழாய்களில் இருக்கலாம். வேறுபடுத்திப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆட்டும்போது இன்னொரு கையின் விரலை மேல் கப்பும் (பேரிங் உட்காரும் கிண்ணம்) அதன் மூடியும் சேரும் இடுக்கில் வைப்பது. அங்கே ஆட்டம் இருந்தால் ஒரு விளிம்பு இன்னொன்றின் மீது நழுவுவது விரல் நுனியில் துல்லியமாகத் தெரியும். கண்ணுக்குப் படாத அசைவும் விரலுக்குப் படும். இரண்டாவது, ஹேண்டில்பாரை 90 டிகிரி திருப்பி வைத்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுவது. அந்த நிலையில் பிரேக்கின் அசைவு இதில் கலக்காது. அப்போதும் ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் ஹெட்செட்தான்.

அடுத்தது இறுக்கம். இங்கே என்னை ஒருமுறை முழுதாக ஏமாற்றியது ஒரு கேபிள். ஹேண்டில்பார் வலப்பக்கம் திரும்ப மறுக்கிறதே என்று ஹெட்செட்டை முழுவதும் பிரித்தேன். உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. புது கிரீஸ் வைத்துப் பூட்டினால் பழைய இறுக்கம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் கியர் கேபிளின் உறை ஒரு விரற்கடை குட்டையாக இருந்தது. திரும்பும்போதெல்லாம் அதுதான் ஹேண்டில்பாரைப் பின்னுக்கு இழுத்திருக்கிறது. அன்றிலிருந்து எதையும் கழற்றும் முன் கேபிள்களை அவற்றின் பிடிகளிலிருந்து விடுவித்துவிட்டுத்தான் ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்க்கிறேன்.

மகளின் சைக்கிளில் கேபிள் குற்றமற்றது. நடுவில் மட்டும் பிடித்துக்கொள்வது பேரிங்கின் வேலைதான்.

அது ஒரு காலத்தில் நான் ஓட்டிய பழைய எஃகு சைக்கிள். 1 அங்குலத் தண்டு, மேலே மரை வெட்டிய பழைய பாணி ஹெட்செட். லாக் நட்டுக்கு 32 மில்லிமீட்டர் ஸ்பானர் வேண்டும். தரையில் பழைய வெள்ளைத் துணியை விரித்துவிட்டுத்தான் தொடங்கினேன். உதிரிக் குண்டுகள் இருக்குமா, கூட்டுக்குள் (குண்டுகளைப் பிடித்து வைக்கும் தகட்டு வளையம்) இருக்குமா என்று பிரித்துப் பார்க்கும்வரை தெரியாது. உதிரிகள் என்றால் ஃபோர்க் இறங்கும் கணத்தில் மழைபோலக் கொட்டும். இதில் கூடுகள்தான் இருந்தன. எந்தக் கூடு மேலே, எது கீழே, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படம் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மேல் பேரிங்கில் கிரீஸ் பழுப்பு மெழுகு மாதிரி இறுகியிருந்தாலும் பாதை வழவழப்பாகவே இருந்தது. கீழ் பேரிங்கைத் துடைத்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. ஃபோர்க்கின் தோளில் உட்காரும் அடிவளையத்தை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, ஜன்னல் அருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். குண்டுகள் ஓடும் பாதையில், முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும், ஒழுங்கான இடைவெளியில் மங்கிய நீள்வட்டப் புள்ளிகள். பாதையின் மற்ற பகுதி கண்ணாடியாக மின்னியது. இந்தப் புள்ளிகள் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒளியை விழுங்கிக்கொண்டிருந்தன. கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டினேன். நகம் ஒவ்வொரு புள்ளியிலும் தடுக்கி இறங்கி ஏறியது. இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம், கூட்டில் இரண்டு குண்டுகளுக்கு இடையிலான தூரமேதான்.

பள்ளமான சாலையில் இடித்து இடித்துக் குண்டுகள் குழி பறித்துவிட்டன என்றுதான் நானும் நீண்ட காலம் நம்பியிருந்தேன். இடி மட்டுமே காரணம் என்றால், பல லட்சம் முறை இடி வாங்கும் சக்கரத்து ஹப்பிலும் இதே குழிகள் வந்திருக்க வேண்டும். அங்கே குண்டுகள் சுழன்றுகொண்டே இருப்பதால் கிரீஸ் திரும்பத் திரும்பப் பூசப்படுகிறது. ஹெட்செட்டில் குண்டுகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. சாலையின் அதிர்வில் ஃபோர்க் நூலிழை அளவு முன்னும் பின்னும் வளைகிறது. அந்த அசைவில் குண்டுக்கும் பாதைக்கும் நடுவே இருந்த கிரீஸ் வெளியே பிதுங்கிவிடுகிறது. அதன்பின் உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசி, துகள் துகளாகப் பிய்ந்து வருகின்றன. நேராக ஓட்டும் நேரம்தான் அதிகம் என்பதால் குழிகள் நேர் நிலையிலேயே விழுகின்றன. சுமையும் அதிர்வும் முதலில் வந்து சேருவது கீழ் பேரிங்கில். முன்சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் நேரே அதன் மீதுதான் படும். மேல் பேரிங் பிழைத்து, கீழது போனதற்குக் காரணம் அதுதான்.

குழி விழுந்த பாதையைக் கிரீஸ் குணப்படுத்தாது. கொஞ்சம் தளர்த்திவிட்டால் பிடிப்பு குறைந்ததுபோல் தோன்றும், ஆனால் ஆட்டம் வந்து பாதையை இன்னும் வேகமாகக் கெடுக்கும். வளையத்தை மாற்றுவதுதான் சரி. புதியது கிடைக்கும்வரை ஓட்டுவதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது: கூட்டை எடுத்துவிட்டு உதிரிக் குண்டுகளைப் போடுவது. கூட்டில் 20 குண்டுகள் இருந்தன. உதிரியாக நெருக்கி அடுக்கியபோது அதே அளவில், 5/32 அங்குலத்தில், 25 பிடித்தன. எண்ணிக்கை மாறியதால் எல்லாக் குண்டுகளும் ஒரே நேரத்தில் பழைய குழிகளில் போய் உட்கார முடியாது. நடுவில் பிடிக்கும் குணம் பெருமளவு மறைந்துவிடுகிறது. இடமில்லாமல் போகும்வரை நிரப்பி, பிறகு ஒன்றை எடுத்துவிட வேண்டும். கடைசிக் குண்டைத் திணித்தால் அவை ஒன்றையொன்று நெருக்கித் திரும்பும்போது சிக்கும். கப்பில் கிரீஸைத் தாராளமாகப் பூசி அதன் மீது பதித்தால் குண்டுகள் ஒட்டிக்கொள்ளும், கவிழ்த்தாலும் விழாது. பழைய குண்டுகளையும் புதியவற்றையும் கலக்கக் கூடாது. நூலிழை பெரியதாக இருக்கும் குண்டுகளே மொத்தச் சுமையையும் தாங்கும்.

இனி வளையம் மாற்றிய கதை. 1 அங்குல ஃபோர்க்குகளுக்கான அடிவளையம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்விட்டம் மட்டும் இரண்டு வகை, 26.4 மில்லிமீட்டர், 27.0 மில்லிமீட்டர். எனக்குக் கிடைத்த வளையம் கையாலேயே வழுக்கிக்கொண்டு ஃபோர்க்கின் தோளில் இறங்கியது. சுத்தியலுக்கு வேலையே வைக்கவில்லையே என்று மகிழ்ந்துபோய்ப் பூட்டிவிட்டேன். இரண்டு நாள்கள் அருமையாக இருந்தது. மூன்றாம் நாள் முதல் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீழிருந்து ஒற்றை 'டிக்'. இறுக்கினேன், ஹேண்டில்பார் கனத்ததே தவிர சத்தம் போகவில்லை. வெர்னியர் காலிப்பரால் அளந்தபோதுதான் 26.4 இருக்க வேண்டிய இடத்தில் 27.0 வளையத்தைப் போட்டிருப்பது தெரிந்தது. அடிவளையம் கையால் இறங்கவே கூடாது. அதே குறுக்களவுள்ள குழாயை மேலே வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டித்தான் இறக்க வேண்டும். இறங்கும்போது சத்தம் மாறும்: முதலில் மந்தமாக, தோளில் முழுதாக அமர்ந்ததும் கணீரென்று. அதன்பின் மெல்லிய காகிதத்தை வளையத்துக்கும் தோளுக்கும் நடுவே நுழைத்துப் பார்க்கிறேன். எங்கேயாவது நுழைந்தால் வளையம் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த வளையம் ஒரு பக்கம் திரும்பும்போது இறுகும், மறுபக்கம் தளரும். எத்தனை முறை சரிசெய்தாலும் தீராது.

ஒருபக்க இறுக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. தண்டு வளைந்திருக்கலாம். முன்குழாயின் மேல் முகமும் கீழ் முகமும் ஒன்றுக்கொன்று இணையாக வெட்டப்படாமல் இருக்கலாம். இந்த இரண்டையும் வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம் என்பேன். முகத்தைச் சீவ அதற்கென்றே உள்ள வெட்டுக்கருவி தேவை, அரத்தால் தேய்த்தால் நிலைமை மோசமாகும்.

கூடு பற்றிச் சொல்கிறேன் என்றேனே. வீட்டு வேலையில் அதிகம் நடக்கும் தவறு அதைத் தலைகீழாக வைப்பதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். கூட்டின் ஒரு பக்கத்தில் தகட்டு விளிம்பு குண்டுகளை மறைக்கும். மறுபக்கம் குண்டுகள் வெளியே துருத்தித் தெரியும். துருத்திய பக்கம் கோனை, அதாவது கூம்பு வடிவ வளையத்தைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் குண்டுகளுக்குப் பதில் தகடு உரசும். மண்ணை மெல்வது போன்ற கரகரப்பு, இறுக்கினால் அடைத்துக்கொள்ளும், தளர்த்தினால் ஆடும், நடுவில் சரியான நிலையே வராது. சுத்தமாகத் துடைத்துப் புது கிரீஸ் வைத்த ஹெட்செட் பூட்டியவுடன் இப்படி நடந்துகொண்டால் வேறெதையும் யோசிக்காமல் கூட்டைப் பாருங்கள். மேலேயும் கீழேயும் கோன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஹெட்செட்டுக்கு ஹெட்செட் மாறும். பூட்டும் முன், கிரீஸ் இல்லாமல் கூட்டை மட்டும் கோனில் வைத்து விரலால் உருட்டினால் நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மரை ஹெட்செட்டைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவருவதில் பலரும் பொறுமை இழக்கிறார்கள். மேல் கப்பைக் கையால் திருகி, ஆட்டம் இல்லாத, ஆனால் தடையின்றித் திரும்பும் நிலைக்குக் கொண்டுவந்து, லாக் நட்டை இறுக்கினால் எல்லாம் கனத்துப்போகிறது. திரும்பத் தளர்த்தினால் ஆட்டம். இது உங்கள் கையின் பிழை இல்லை. குண்டுகளின் அழுத்தம் கப்பை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. மரைகளுக்குள் இருக்கும் சிறு இடைவெளி அளவுக்கு அது மேலேறி நிற்கிறது. லாக் நட் அதைக் கீழே அழுத்தும்போது அந்த இடைவெளி காணாமல் போய், கப் அதே அளவு இறங்கிவிடுகிறது. ஆகவே நட்டைப் பூட்டும் முன் மிகச் சிறிய ஆட்டம் இருக்க வேண்டும். பூட்டுவதே அதைத் தின்றுவிடும். இந்தத் தண்டில் அங்குலத்துக்கு 24 மரை. முழுச் சுற்று ஒன்றுக்குக் கப் 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கும் என்பதால், எட்டில் ஒரு சுற்றே பெரிய மாற்றம். நான் கப்பில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்துத்தான் திருத்துகிறேன். நட்டுக்கும் கப்புக்கும் நடுவே நாக்கு உள்ள வாஷர் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அந்த நாக்கு தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்து, நட் சுழலும்போது கப்பும் கூடவே சுழலாமல் தடுக்கிறது. நாக்கு மழுங்கியிருந்தால் கப்பை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டை இறுக்க வேண்டும்.

என்னுடைய சைக்கிளில் மரை இல்லாத ஹெட்செட். 1990களின் தொடக்கத்தில் வந்த இந்த அமைப்பு எளிமையானது என்பதில் சந்தேகமில்லை. பெரிய ஸ்பானர் தேவையில்லை, எல் கீ போதும். ஆனால் எதற்கு எந்த போல்ட் என்ற குழப்பம்தான் அதன் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர். மேல்மூடியின் போல்ட் பேரிங்குக்கு அழுத்தம் கொடுக்க மட்டுமே. அந்த அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவது ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரைத் தண்டோடு பிணைக்கும் பாகம்) பக்கவாட்டு போல்ட்டுகள். பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தாமல் மேல்மூடியை எவ்வளவு திருகினாலும் ஆட்டம் போகாது, ஏனென்றால் ஸ்டெம் நகரவே முடியாது. விடாமல் திருகினால் தண்டுக்குள் அறைந்திருக்கும் நட்சத்திர நட்டு மேலே இழுபட்டு வந்துவிடும்.

பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தியும் ஆட்டம் தீரவில்லை என்றால் மேல்மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். தண்டின் மேல்முனை, ஸ்டெம்மின் மேல்விளிம்பை விட ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். சமமாக இருந்தால் மூடி தண்டின் தலையில் போய் முட்டிக்கொள்ளும், அழுத்தம் பேரிங்குக்குப் போய்ச் சேராது. மேலே ஒரு மெல்லிய ஸ்பேசர் (இடைவளையம்) சேர்த்தால் தீர்ந்தது. கார்பன் தண்டு என்றால் நட்சத்திர நட்டை அறையவே கூடாது. விரிந்து பிடிக்கும் பிளக்தான் அதற்கு.

ஸ்டெம்முக்குக் கீழே பேரிங்கை மறைக்கும் மூடி, பேரிங்கை அழுத்துவதற்குப் பதில் சட்டத்தின் மீதே உரசுவதும் உண்டு. திருப்பினால் 'சர்ர்' என்று ஓர் இழுப்பு, கறுப்புப் பூச்சில் வட்டமாக ஒரு வெள்ளைக் கோடு. பேரிங் மீது 0.25 மில்லிமீட்டர் தகட்டு வளையம் ஒன்றை வைத்தால் மூடி உயர்ந்து விடுபடும். அடைத்த பேரிங்கை (குண்டுகள் உள்ளேயே மூடப்பட்ட ஒரே துண்டுப் பேரிங்) மாற்றும்போது அதன் விளிம்பில் பொறித்திருக்கும் எண்களை அப்படியே பொருத்த வேண்டும்: 36×45, 45×45 என்று கோணங்கள். அளவு சரியாக இருந்து கோணம் மட்டும் மாறினால் பேரிங் உள்ளே இடறலில்லாமல் போகும், ஆனால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொட்டுக்கொண்டு, ஒருபோதும் நிலைகொள்ளாது.

கிரீச் சத்தம் வந்தால் பேரிங்கை எல்லோரும் குற்றம் சாட்டுகிறார்கள். என் அனுபவத்தில் பேரிங் கிரீச்சிடுவது அரிது. கப் முன்குழாயில் உட்காரும் இடம், ஸ்பேசர்களின் முகங்கள், ஸ்டெம் ஹேண்டில்பாரைப் பற்றும் இடம், இவைதான் காய்ந்துபோய்க் கத்துகின்றன. துடைத்து, உலோகப் பாகங்களுக்கு நடுவே மெல்லியதாகக் கிரீஸ் தடவினால் அடங்கும்.

சரியான அளவு அடிவளையம் வந்தபின் மகளின் சைக்கிளை மீண்டும் பூட்டினேன். வெட்டிய பழைய டியூபின் ஒரு துண்டை, ஃபோர்க்கை ஏற்றும் முன்பே கீழ் கப்பின் மீது உறைபோல இழுத்துவிட்டேன். சேறு நேரடியாக உள்ளே போகாது. புதிதாகப் பூட்டிய ஹெட்செட் முதல் சில நாள்களில் சற்று அமர்ந்து இறங்கும் என்பதால் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஒரு வாரம் கழித்து, நேற்று, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மேல் கப்பின் இடுக்கில் விரலை வைத்து ஆட்டினேன். எதிர்பார்த்ததைப் போல மிக மெல்லிய நழுவல் ஒன்று இருந்தது. பென்சில் கோட்டை அரிசியளவு நகர்த்தி நட்டைப் பூட்டினேன். மகள் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஹேண்டில்பாரைத் தட்டிவிட்டாள். அது நடுவைக் கடந்து அந்தப் பக்கம் போனது, திரும்பி வந்தது, மறுபடி கடந்தது.